"யாருங்க இது?" கீழைத்தேய உருவப்படம் ஒன்றை வீட்டுச் சுவருக்குத் தேர்ந்தெடுப்பது

கேள்வி இதுதான்: புது ஃபிளாட், ஹாலில் வெள்ளைச் சுவர், கரும்பச்சை சோபா. சோபாவுக்கு மேலே 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த கீழைத்தேய உருவப்படம் ஒன்றைப் பெரிதாக மாட்ட ஆசை. பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் வரைந்த, தலைப்பாகையும் பட்டுச் சட்டையும் அணிந்த கறுப்பு மனிதரின் படம் மனதில் இருக்கிறது. அது சரியான தேர்வா, வேறு என்ன பார்க்கலாம், அசலா பிரதியா, எந்த அளவு?

நான் பல வருடமாகப் படங்களுக்குப் பிரேம் போடுகிறேன், ஓவியப் பிரதிகளும் அச்சிடுகிறேன். இந்தக் காலத்து ஓவியங்கள் மீது எனக்குத் தனியான பிரியம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அளவு, நிறம் எல்லாம் அப்புறம். நம் வீடுகளில் சுவரில் ஒரு மனிதரின் படம் இருந்தால் அவர் தாத்தாவாக இருப்பார், இல்லாவிட்டால் ஒரு தலைவராகவோ மகானாகவோ இருப்பார். அதனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் "யாருங்க இது?" என்று கேட்பார்கள். மலைக்காட்சிக்கோ பூச்சாடிக்கோ இந்தக் கேள்வி வராது. உருவப்படத்துக்குக் கட்டாயம் வரும், வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கேள்விக்கு நீங்கள் கூச்சமில்லாமல், உண்மையாகப் பதில் சொல்லக்கூடிய படத்தை வாங்குங்கள். நான் கீழே சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

இந்த வகை ஓவியத்தில் அந்தப் பதில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதிலிருந்து ஐரோப்பாவில் கிழக்கு நாடுகளைப் பற்றிய மோகம் பெருகியது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832-இல் மொராக்கோ போனார். ஜான் ஃபிரெடரிக் லூயிஸ் என்ற ஆங்கிலேயர் 1841 முதல் 1851 வரை கெய்ரோவிலேயே குடியிருந்தார். ஆனால் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆங்க்ர் அந்தப் பக்கமே போகாமல், பாரிஸிலும் ரோமிலும் இருந்துகொண்டே அந்தப்புரப் பெண்களை வரைந்தார். நேரில் பார்த்தது, புகைப்படத்தில் பார்த்தது, கற்பனை செய்தது மூன்றும் ஒரே கான்வாஸில் கலந்திருக்கும். கிழக்கு நாடுகளை ஐரோப்பியர்கள் தங்கள் இஷ்டப்படி சித்தரித்ததை விமர்சித்து, அறிஞர் எட்வர்ட் சயீத் 1978-இல் வெளியிட்ட 'ஓரியண்டலிசம்' நூலின் அட்டையில் ஜெரோமின் பாம்பாட்டி ஓவியம் இடம்பெற்றது. அதற்குப் பிறகு இந்த ஓவியங்களைப் பழைய வெள்ளைமனதோடு யாராலும் பார்க்க முடியவில்லை. அது நல்லதுதான்.

அந்தப் பாம்பாட்டி படத்தில் ஆடையில்லாத சிறுவன் ஒருவன் பெரியவர்கள் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறான். ஜெரோமின் அடிமைச் சந்தை ஓவியமோ (1866) ஒரு பெண்ணை விலைபேசும் காட்சி. அந்தப்புரப் படங்கள் பெரும்பாலும் ஓவியர் ஒருபோதும் நுழைந்திராத அறைகளைக் காட்டுபவை. இவற்றை அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கலாம், படிக்கலாம், விவாதிக்கலாம். குழந்தைகள் ஓடியாடும் ஹாலில் நான் மாட்ட மாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். நீங்கள் உருவப்படம் என்று கேட்டது நல்ல ஆரம்பம். ஒரு மனிதர், ஒரு முகம் என்று வந்துவிட்டால் பொய்க்கு இடம் குறைகிறது.

சரி, நீங்கள் சொன்ன படத்துக்கு வருவோம். பாஷி-பசூக் என்பது அதன் பெயர். 1868-69இல் வரைந்தது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடர்பழுப்பான வெற்றுப் பின்னணி. அதற்கு முன்னால் ஆழ்ந்த கருநிறம் கொண்ட மனிதர். தலையில் உயரமாகச் சுற்றிய பூவேலைத் துணிகள், அதில் குஞ்சங்கள். தோளில் துப்பாக்கி. பட்டுச் சட்டையின் நிறத்தை ரோஜா என்பதா, வெளிறிய காவி என்பதா என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அந்தப் பட்டின் மடிப்புகளில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பத்து நிமிடம் பார்த்தால் பட்டு பின்னுக்குப் போய் முகம் முன்னால் வந்துவிடும். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார், அது நமக்குச் சொல்வதற்கில்லை என்ற அமைதி அந்த முகத்தில் இருக்கிறது.

இனி "யாருங்க இது?" என்ற கேள்வி. ஒட்டோமான் படைகளோடு சம்பளம் இல்லாமல், கொள்ளையை நம்பிப் போன வீரர்களை பாஷி-பசூக் என்பார்கள். துருக்கி மொழியில் 'தலையில்லாதவர்' என்று பொருள். ஆனால் படத்தில் இருப்பவர் அப்படிப்பட்ட வீரர் இல்லை. 1868-இன் தொடக்கத்தில் ஜெரோம் பன்னிரண்டு வாரம் கிழக்கே பயணம் போய்வந்தார். அங்கே வாங்கிய துணிகளைப் பாரிஸில் தன் ஸ்டுடியோவில் ஒரு மாடலுக்கு உடுத்தி உட்காரவைத்து வரைந்தார். இவ்வளவு மெல்லிய பட்டை உடுத்திக்கொண்டு யார் சண்டைக்குப் போவார்கள்? ஆக, விருந்தாளியிடம் "இவர் துருக்கிப் போர்வீரர்" என்று சொன்னால் அது தவறு. "பாரிஸில் ஓவியருக்கு மாடலாக இருந்த ஒருவர், வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், வேஷத்தைத் தாண்டி அவரே தெரிகிறார்" என்று சொன்னால் அது சரி. அப்படிச் சொல்ல உங்களுக்கு மனம் இருந்தால் தாராளமாக மாட்டுங்கள். கம்பீரமான படம்.

பெயரும் ஊரும் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றால் ருடால்ஃப் ஸ்வோபோடாவைப் பாருங்கள். நம் ஆட்களில் பலருக்கு இவரைத் தெரியாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். வியன்னாக்காரர். எகிப்தை வரைந்து புகழ்பெற்ற லியோபோல்ட் கார்ல் முல்லரின் சகோதரி மகன். 1886-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் குடியேற்ற நாடுகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. ஆக்ரா சிறையில் தொழில் கற்ற நெசவாளர்கள், கைவினைஞர்கள் சிலரைக் கப்பலில் அழைத்துவந்து அங்கே வேலை செய்துகாட்ட வைத்தார்கள். அவர்களில் சிலரை வரையும்படி விக்டோரியா ராணி ஸ்வோபோடாவிடம் சொன்னார். அப்படி வரையப்பட்டவர்களில் ஒருவர் ஆக்ராவின் குயவர் பக்‌ஷிராம். வயது 102 என்று குறித்துவைத்திருக்கிறார்கள். படங்கள் ராணிக்குப் பிடித்துப்போக, ஸ்வோபோடாவை இந்தியாவுக்கே அனுப்பினார். 1886 முதல் 1888 வரை சுற்றி, சாதாரண மனிதர்களின் முகங்களாக வரைந்துகொண்டு போனார்.

அந்தப் படங்கள் எங்கே மாட்டப்பட்டன என்பது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இங்கிலாந்தின் வைட் தீவில் ராணியின் ஓஸ்போர்ன் மாளிகை இருக்கிறது. அங்கே லாக்வுட் கிப்ளிங்கும் லாகூரின் பாய் ராம் சிங்கும் வடிவமைத்த தர்பார் அறைக்குப் போகும் நடையில் அவை வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான். ஒன்றைத் தனியாக ஹாலில் மாட்டினால் காணாமல் போய்விடும். நாலைந்தைச் சேர்த்து, ஒரே மாதிரிப் பிரேமில், ஒரு நடைவழியிலோ சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலோ வைத்தால் அந்த இடமே பேசத் தொடங்கும். கிட்டே போய், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய படங்கள் அவை. இவற்றிலும் பேரரசின் நிழல் உண்டு. சிறையிலிருந்து காட்சிக்கு அழைத்துவரப்பட்டவர்கள் என்பதை மறைத்துவிட்டு அழகைப் பற்றி மட்டும் பேச முடியாது. ஆனால் "இவர் பக்‌ஷிராம், ஆக்ராவில் பானை செய்தவர்" என்று பெயர் சொல்ல முடிகிறதே, அது பெரிய விஷயம்.

இன்னும் இரண்டு மூன்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாமஸ் பிலிப்ஸ் வரைந்த கவிஞர் பைரன், அல்பேனிய உடையில்: பெயர் தெரிந்த முகம், அற்புதமான சிவப்பும் தங்கமும், ஆனால் வேஷம் போட்ட ஆங்கிலேயர். அந்த உடையை அவர் 1809-இல் அங்கே பயணம் போனபோது வாங்கினார். லுட்விக் டாய்ச், ருடால்ஃப் எர்ன்ஸ்ட் இருவரும் பாரிஸில் குடியேறிய வியன்னாக்காரர்கள். அரண்மனைக் காவலர், வாசிப்பில் மூழ்கிய அறிஞர் என்று வரைந்தார்கள். ஓடு, பித்தளை, கதவின் மரவேலை எல்லாம் எண்ணி எடுக்கலாம்போல இருக்கும். அலங்காரத்துக்கு மிகப் பொருத்தம், ஆனால் எனக்கு முகத்தைவிடக் கதவுதான் நினைவில் நிற்கிறது. அப்புறம் உஸ்மான் ஹம்தி பே. அவர் இஸ்தான்புல்காரரே. பாரிஸில் ஓவியம் கற்று, 1881-இல் ஒட்டோமான் அரசு அருங்காட்சியகத்தின் தலைவரானவர். 1880-இல் அவர் வரைந்த, புத்தகம் படிக்கும் பெண்ணைப் பாருங்கள். ஐரோப்பியர்கள் சாய்ந்து கிடக்கவைத்த பெண்ணை இவர் படிக்கவைத்தார். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தப் படம்தான்.

வசதி இருந்தால் வாங்கும் முன் ஒருமுறையாவது இப்படிப்பட்ட அசல்களை நேரில் பாருங்கள். கோலாலம்பூரில் உள்ள மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் கீழைத்தேய ஓவியங்களின் பெரிய தொகுப்பு உண்டு. 2019-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இந்த ஓவியங்களை வைத்து நடத்திய கண்காட்சியில் அவர்களும் பங்காளிகள். திரையில் பார்த்த நிறத்தையும் பரப்பையும் நேரில் பார்த்ததோடு ஒப்பிட்ட பிறகு, கடையில் யார் என்ன சொன்னாலும் உங்கள் கண் ஏமாறாது.

அசலா பிரதியா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜெரோமின் நல்ல அசல் ஏலத்துக்கு வந்தால் கோடிகளில் போகும். பிரதி வாங்குவது குறைச்சல் என்று நினைக்காதீர்கள். ஜெரோம் 1863-இல் திருமணம் செய்துகொண்டது மரி கூப்பிலை. அவருடைய அப்பா அடால்ஃப் கூப்பில் பாரிஸின் பெரிய ஓவிய வணிகர், பதிப்பாளர். மாமனாரின் நிறுவனம் மருமகனின் ஓவியங்களைப் புகைப்படமாகவும் செதுக்கச்சாகவும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு உலகமெல்லாம் விற்றது. ஜெரோம் இப்படி அச்சிடுவதற்காகவே வரைகிறார் என்று எழுத்தாளர் எமில் ஸோலா 1867-லேயே குறைபட்டார். வான்கோ இளைஞராக இருந்தபோது வேலை பார்த்ததும் இதே நிறுவனத்தில்தான். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் மாட்டியதும் பிரதியைத்தான். பழையதே வேண்டும் என்றால், கூப்பில் வெளியிட்ட பழைய போட்டோகிராவியூர் அச்சுகள் (புகைப்படத்தைச் செப்புத்தகட்டில் பதித்து அச்சிட்டவை) பழைய அச்சு விற்பவர்களிடம் கிடைக்கின்றன, அசலோடு ஒப்பிட்டால் மிக மலிவு. படத்தைச் சுற்றிச் செப்புத்தகடு அழுத்திய தடம் தாளில் தெரியும். பூதக்கண்ணாடி வைத்தால் மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற துகள்கள் இருக்கும். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னால் அச்சிட்டது.

யாராவது "19-ஆம் நூற்றாண்டு ஆயில் பெயிண்டிங்" என்று அசலாகவே ஒன்றைக் காட்டினால் முதலில் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். திருப்பச் சொல்லுங்கள். கான்வாஸைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருந்தால் சந்தேகப்படலாம், அந்தக் காலத்தில் சிறு ஆணிகள்தான். பழைய படத்துக்குப் புதுச் சட்டம் மாற்றியிருப்பார்கள் என்பதும் நடக்கும், அதனால் இது மட்டும் போதாது. புற ஊதா விளக்கில் பார்த்தால் பின்னால் தீட்டிய திருத்தங்களும், வார்னிஷுக்கு மேலே போட்ட கையெழுத்தும் தனியாகத் தெரியும். பெரிய தொகை என்றால் நிறமிச் சோதனை கேளுங்கள். டைட்டானியம் வெள்ளை 1916-க்குப் பிறகுதான் வணிகமாக வந்தது. 1880 என்று தேதியிட்ட படத்தின் மூல வண்ணத்தில் அது இருந்தால் பேச்சு முடிந்தது. இதுவரை யார் யாரிடம் இருந்தது என்ற விவரம் காகிதத்தில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிரதி என்று முடிவானால் அச்சில்தான் எல்லாம் இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியிலிருந்து, காப்புரிமை இல்லாத தன் படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. பாஷி-பசூக்கின் கோப்பை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஸ்வோபோடாவின் படங்கள் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன, அவர்களுடைய அனுமதி விதிகளைப் படித்துவிட்டு அச்சிடுங்கள்.

நான் பாஷி-பசூக்கை முதல்முறை அச்சிட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வேறு ஒரு அச்சகத்தில் கொடுத்திருந்தேன். சுருளைப் பிரித்தால் பட்டுச் சட்டை ஜொலிக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. கன்ன எலும்பில் விழும் செம்பழுப்பு, நெற்றியில் இருக்கும் நீலச்சாயல், கீழுதட்டின் ஈரம் எதுவுமே இல்லை. வெளிறிய தோலுக்காகவே சரிசெய்து வைத்த இயந்திரம் இருண்ட தோலின் நிறபேதங்களை எல்லாம் ஒரே மையாகக் கொட்டியிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் காசுக்காக இல்லை. ஓவியர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்த ஒரு முகத்தை நாங்கள் அழித்துவிட்டோமே என்றுதான். அதிலிருந்து முழுப்படம் அச்சிடும் முன், கன்னமும் சட்டைக் கழுத்தும் சேரும் இடத்தை மட்டும் உள்ளங்கை அளவுத் துண்டாக அச்சிட்டுப் பார்க்கிறேன். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் சுவரில், உங்கள் வெளிச்சத்தில் ஒட்டிப் பாருங்கள். முகத்தில் குறைந்தது நான்கு நிறமாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இருட்டான பகுதிகளை மட்டும் கொஞ்சம் திறந்து மறுபடி அச்சிடச் சொல்லுங்கள்.

அளவுக்கு வருகிறேன். பாஷி-பசூக்கின் அசல் 80.6 செ.மீ. உயரம், 66 செ.மீ. அகலம். அந்த அளவிலேயே அச்சிடுங்கள். முகம் ஏறக்குறைய நிஜ முகத்தின் அளவில் வரும், அதனால்தான் ஆள் எதிரில் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஐந்தடி உயரத்துக்குப் பெரிதாக்கினால் அது விளம்பரப் பலகை ஆகிவிடும். அங்குலத்துக்கு 150 புள்ளி கணக்கில் பார்த்தால் கோப்பு ஏறக்குறைய 3900-க்கு 4800 பிக்சல் இருந்தால் போதும், ஆறடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது நன்றாகவே இருக்கும்.

ஆனால் சோபாவுக்கு மேலே வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஏழடி சோபாவுக்கு மேலே இரண்டடி அகல நெட்டுப்படம் தனியாகத் தொங்கினால் பொருந்தாது. அதைவிட முக்கியமானது, உட்காருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். வாசல் கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் ஒடுங்கிய சுவர், அல்லது நீங்கள் தினமும் உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச்சுவர், இரண்டில் ஒன்றைக் கொடுங்கள். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் அறை விரிந்திருக்கட்டும். மூலையை முறைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

இருண்ட ஓவியத்துக்குக் கண்ணாடி போட்டால் பகலில் அது நிலைக்கண்ணாடி ஆகிவிடும். ஜன்னலும் மின்விசிறியும்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். கான்வாஸில் அச்சிட்டு, பளபளப்பில்லாத வார்னிஷ் பூசி, கண்ணாடி இல்லாமல் பிரேம் போடுவது நல்லது. ஸ்வோபோடா மாதிரிச் சின்னப் படங்களைத் தாளில் அச்சிட்டால் கண்ணாடி வேண்டியிருக்கும். அப்போது தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், மழைக்காலத்து ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. பழைய வீடுகளில் தாத்தா படத்தை மேலே கயிறு கட்டி முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு பிரதிபலிப்பை நன்றாகக் குறைக்கும். ஐரோப்பியச் சுவர்களிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான் மாட்டினார்கள்.

வெள்ளைச் சுவர் இந்தப் படங்களுக்கு எதிரி. சுற்றிலும் வெள்ளை பளீரென்று இருந்தால் கண் சுருங்கி, இருட்டான பகுதிகள் இன்னும் இருட்டாகத் தெரியும். அந்த ஒரு சுவரை மட்டும் சாம்பல் கலந்த பச்சையாகவோ மங்கிய செம்மண் நிறமாகவோ அடியுங்கள். உங்கள் கரும்பச்சை சோபாவோடு முதலாவது இழையும், பட்டுச் சட்டையின் நிறமும் எழுந்து நிற்கும். பிரேம் கனமான பூவேலைத் தங்கமாக வேண்டாம், அதற்கு வேண்டிய கூரை உயரம் ஃபிளாட்டில் இல்லை. இரண்டங்குல அகலத்தில் கருந்தேக்கு நிறம், உள்விளிம்பில் ஒரு மெல்லிய தங்கக் கோடு போதும். மேலே ஒரு சின்ன விளக்கு, 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். அது குறைந்தால் தோலின் சிவப்பு செத்துவிடும். நேர் வெயில் படும் சுவரும், மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டவே வேண்டாம். பிரேமின் கீழ் மூலைகளில் சிறு கார்க் துண்டுகள் ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக விடுங்கள். சுற்றிலும் விளக்கு, கம்பளம், பித்தளைக் கூஜா என்று ஒரு அரேபிய அறையைக் கட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அவரும் அலங்காரச் சாமான்களில் ஒன்றாகிவிடுவார்.

மாட்டும் முன் பிரேமின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டி எழுதிவையுங்கள்: ஓவியர் பெயர், வரைந்த வருடம், அசல் இருக்கும் இடம், அச்சிட்ட தேதி. கடைசி வரியில் படத்தில் இருப்பவர் யார் என்று எழுதுங்கள். பக்‌ஷிராம் என்றால் பக்‌ஷிராம், குயவர், ஆக்ரா. ஜெரோமின் படம் என்றால், "பாரிஸில் ஓவியருக்காக உட்கார்ந்தவர், பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை."